அங்கீகரிக்கப்பட்ட ஜாங்கிரி

என் கணவர் நஞ்சப்பன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அதுவரை எந்தப் பரீட்சையிலும் அவர் தோற்றதில்லை. பிறகு ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பரீட்சை எழுதினார். இரண்டிலும் தோற்றார். இரண்டுமே பிரெஞ்சு மதுவைப் பற்றியவை. அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பரீட்சை வைத்தவர்களும் குடித்ததில்லை. ஆகவே இரு தரப்புக்கும் தகுதி சமம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்னப் பனியன் கம்பெனி இருந்தது. குழந்தைகளின் உடுப்புகள் தைப்போம். பெரிய கம்பெனிக்காரர்கள் துணியை வெட்டி அனுப்புவார்கள், நாங்கள் தைத்துத் திருப்பி அனுப்புவோம். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். உலகத்தின் பாதிக் குழந்தைகள் எங்கள் தையலைப் போட்டுக்கொண்டு தவழ்ந்திருக்கலாம். ஒரு குழந்தையின் தாய்க்கும் எங்கள் பெயர் தெரியாது. நஞ்சப்பனுக்கு இருந்தது ஒரே ஆசை. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்களை எங்கள் ஊரில் பையர் என்பார்கள். அப்படி ஒரு பையர் நேராக எங்கள் கேட்டுக்குள் வர வேண்டும், நடுவில் யாரும் இல்லாமல் எங்களிடம் ஆர்டர் தர வேண்டும்.

2006இல் அது கிட்டத்தட்ட நடந்தது. பாரிஸில் நடந்த கண்காட்சியில் ஊர்க்காரர்கள் ஒரு ஸ்டால் போட்டிருந்தார்கள். அதில் நஞ்சப்பன் தன் போக்கில் தைத்த ஒரு குழந்தைச் சட்டையும் தொங்கியது. வயிற்றில் தவளை வடிவத்தில் ஒரு பாக்கெட். ஒதில் என்று ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தைத்தது யார் என்று விசாரித்து, எங்கள் பெயருக்கே கடிதம் போட்டாள். ஜனவரியில் வருகிறேன், கம்பெனியைப் பார்க்க வேண்டும், அன்று மதியம் நீங்கள் சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். நான் படித்துச் சொன்னதும் நஞ்சப்பன் தவளைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாளே உபசரணை மன்றத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

ஏற்றுமதியாளர் உபசரணை மன்றம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். அதன் தலைவர் ராசப்பன், ஊரில் பெரிய கம்பெனிக்காரர். எங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுப்பவரும் அவரே. சில வருடங்களுக்கு முன் அவர் வீட்டு விருந்துக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், தம் ஊர் இனிப்பு மது ஒரு பாட்டிலைப் பரிசாகக் கொண்டுவந்தார். ராசப்பன் மரியாதை தெரிந்தவர். அந்த மதுவை எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, ஐஸ் போட்டு, ஏலக்காய் தட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, விருந்தாளிக்கே கொடுத்தார். அடுத்த சீசனில் அந்தப் பிரெஞ்சுக்காரர் பங்களாதேஷுக்குப் போய்விட்டார். அங்கே சட்டைக்கு விலை குறைவு என்று காரணமும் எழுதியிருந்தார். பெரியவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். விலை காரணமாக இருக்க முடியாது, எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அன்றே மன்றம் உதயமானது. ராயபுரத்தில் ஒரு மாடி பிடித்தார்கள்.

பிரெஞ்சு இனிப்பு மதுவுக்குப் பொருத்தமான உணவு எது என்று கண்டுபிடிப்பது மன்றத்தின் முதல் குறிக்கோள். புளிப்பு, துவர்ப்பு மதுக்களை முதல் கூட்டத்திலேயே தள்ளிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இலையில் முதலில் இனிப்புத்தான் விழும். வந்தவருக்கு முதல் வாய் துவர்ப்பாகக் கொடுத்தார்கள் என்று பேர் வந்தால் அப்புறம் பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா?

மன்றத்தின் விதிகளில் ஏழாவது விதி முக்கியமானது. அதை ராசப்பனே எழுதினார். 'பையர் முதல் கவளத்தை எவருடைய உணவிலிருந்து உண்கிறாரோ அவரே உபசரிப்பாளர். அந்தப் பையரோடு வியாபாரம் பேசும் உரிமை அவருக்கே.' உபசரிக்க விரும்புகிறவர் மன்றத்தின் மதுப் பொருத்தப் பரீட்சையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பையரைத் தலைவரே தம் வீட்டில் உபசரிப்பார். அதுவரை யாரும் தேறியதில்லை. தலைவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த பையர்கள் எல்லோரும் தலைவரின் பையர்களாகவே வந்தார்கள்.

"மன்றம் கெடக்குது. நம்ம ஊட்டுக்கே கூட்டிட்டு வந்து சோறு போட்டா என்னங்க?" என்று நான் கேட்டேன்.

"போடலாம். அப்புறம் அவிய சாயப்பட்டறையில நம்ம துணி எப்பவுமே வரிசைல கடைசிலதான் நிக்கும். வேண்டாம் பூவா. பாஸ் பண்ணிக்கலாம். என்ன, ஒரு பரீட்சைதான?" என்றார் நஞ்சப்பன். பூவா நான்தான்.

பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், இங்கிலீஷில் ஏதாவது வந்தால் ஒத்தாசைக்கு ஆகுமென்று.

மன்றத்தின் நடுக்கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்குள் பாட்டில்கள். கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் உறுப்பினர்கள் விமான நிலையத்தில் ஆளுக்கு இரண்டு வாங்கி வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு பாட்டிலின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கழுத்தில் பூச்சரம் காய்ந்து தொங்கியது. பூச்சரத்தோடு ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலமும் தொங்கியது. ஈரத்தை உறிஞ்சுவதற்காகத் துணிப் பெட்டிகளுக்குள் போடும் பொட்டலம் அது.

"இது எதுக்குங்க?" என்று நஞ்சப்பன் கேட்டார்.

செயலாளர் சென்னிமலை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இருபது வருடம் பெரிய கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். தம் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கையும் ஒரே நீளமா என்று டேப் வைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

"பாரிஸ்ல வாங்கின புஸ்தகத்துல தெளிவா போட்டிருக்குதுங்க. இந்த ஒசத்தி மது இருக்குதுங்களே, இதப் பூஞ்சை புடிச்ச திராட்சையிலதான் பண்றாங்க. வேணும்னே பூஞ்சை புடிக்க விடறாங்க. நாம ஒரு பெட்டி பனியனுக்குப் பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பறானுங்க. இதுக்குள்ளார பூஞ்சையவே வெச்சு விக்கறானுங்க. ஒரு பாட்டல்ல இருந்து இன்னொரு பாட்டலுக்குப் பரவாம இருக்கோணும். அதுக்குத்தான் பொட்டலம்."

"மூடியிருக்கிற பாட்டலுக்கு வெளியிலங்களா?"

"உள்ள போடலாம்னுதான் முதல்ல தீர்மானம். எல்லாத்தையும் தெறந்தாச் சட்டச் சிக்கல்."

பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பதில் இரண்டு கோஷ்டி உருவாகி, ஒரு கூட்டம் பாதியில் கலைந்துபோயிற்றாம். அதனால் மதுக்களுக்கு, பனியனுக்குக் கொடுப்பதுபோல, ஸ்டைல் நம்பர் கொடுத்திருந்தார்கள். சொத்தெர்ன் என்ற பொன்னிற மது ஸ்டைல் ஒன்று. முஸ்கா என்ற வெளிர் மஞ்சள் ஸ்டைல் இரண்டு. பன்யூல் என்ற அடர் சிவப்பு ஸ்டைல் மூன்று.

எதற்கு எந்த உணவு என்று அந்தப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. சென்னிமலைக்கு அவ்வளவு படிக்கத் தேவைப்படவில்லை. அவருக்குப் பொருத்தம் பார்க்கத் தெரியும். அதற்கான கருவியும் இருந்தது. காலரும் உடம்பும் ஒரே நிறமா என்று பார்க்கிற லைட் பாக்ஸ்தான் அது. உள்ளே விளக்கெரியும் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு கிளாஸ் மதுவை வைத்து, பக்கத்தில் பலகாரங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நிறம் ஒத்துப்போனால் பொருத்தம். முஸ்காவுக்கு மைசூர்பாகு. பன்யூலுக்குக் குலாப் ஜாமூன். சொத்தெர்னுக்கு ஜாங்கிரி.

ஜாங்கிரியில்தான் சிக்கல் வந்தது. ஊர் ஜாங்கிரி ஒரு சாயல் சிவப்பாக அடித்தது. பலகாரக் கடை மாஸ்டரைக் கூப்பிட்டு ஏ, பி, சி என்று மூன்று சாம்பிள் போட்டுவரச் சொன்னார்கள். மூன்றையும் நிராகரித்தார்கள். ஐந்தாவது முறை மாஸ்டர் வந்தபோது, "சாமி, நான் வேணும்னா திராட்சைக்காரன்கிட்டப் பேசிப் பாக்கட்டுங்களா? அவன் கொஞ்சம் செவப்பாப் பண்ணினா ரெண்டு பேருக்கும் சுளுவா இருக்கும்" என்றாராம். அவரை வெளியே அனுப்பிவிட்டு, சி சாம்பிளையே சிறு திருத்தத்தோடு அங்கீகரித்தார்கள். அங்கீகரித்த ஜாங்கிரி ஒன்றில், துணிச் சாம்பிளுக்கு அடிப்பதுபோல, தலைவர் கையெழுத்திட்ட சீட்டை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்து அலமாரியில் வைத்திருந்தார்கள். இனி எந்த விருந்தானாலும், பரிமாறும் ஜாங்கிரிகளில் ஒன்றிலாவது அந்தச் சீட்டு அடித்திருக்க வேண்டும். அசல் என்று பையருக்குத் தெரிய வேண்டுமில்லையா?

அப்போது தலைவர் ராசப்பன் பேச எழுந்தார்.

"சொந்தங்களே, நான் குடிச்சதில்ல. எங்கப்பன் குடிச்சதில்ல. எங்க அப்புச்சி குடிச்சதில்ல. அந்தத் தகுதியிலதான் என்னைய இந்தக் கமிட்டிக்குத் தலைவராப் போட்டிருக்கீங்க. குடிக்கறவன் வந்திருந்தான்னா என்ன ஆயிருக்கும்? அவனுக்குப் புடிச்சத நல்லதும்பான், புடிக்காதத நல்லால்லேம்பான். பாரபட்சம் வந்துரும்! நாம ஒண்ணையும் வாயில வெக்கல. அதனாலதான் நம்ம தீர்ப்பு நேர்மையா இருக்குது. பிரெஞ்சுக்காரன் முந்நூறு வருசமாக் குடிச்சுக் குடிச்சுக் கண்டுபிடிச்சத நாம மூணு மாசத்துல குடிக்காமயே கண்டுபிடிச்சிருக்கறோம்!"

பலத்த கைத்தட்டல். நஞ்சப்பனும் தட்டினார். எதற்கும் மறுப்புச் சொல்லாத கை அவருடையது.

இருந்தாலும் சுவை என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. அதை நிரப்பியாக வேண்டும். உறுப்பினர்கள் குடித்தால் குடும்ப மானம் என்னாவது? திருப்பூரில் ஒரு வேலையைத் தானே செய்ய முடியாதவர் என்ன செய்வாரோ அதையே மன்றமும் செய்தது. குடிப்பதை ஜாப் ஒர்க்குக்கு விட்டது.

அந்த வேலை எங்கள் ராஜபாண்டிக்கு வந்தது. விருதுநகர்ப் பக்கத்து ஆள். எங்கள் கம்பெனியில் துணி வெட்டுவார், எங்கள் ஆம்னி வேனையும் ஓட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கே இருப்பார் என்று ஊருக்கே தெரியும். மன்றம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கையில் ஸ்டைல் ஒன்றும் இன்னொரு கையில் அங்கீகரிக்கப்பட்ட ஜாங்கிரியும் கொடுத்ததாம். சென்னிமலை குறிப்பெழுதும் அட்டையோடு எதிரில் நின்றாராம்.

"என்னன்னு சொன்ன?" என்று நான் பிற்பாடு ராஜபாண்டியைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல அக்கா? ஜாங்கிரியத் தின்னுட்டுக் குடிச்சா ஊசுன மோர் மாதிரி இருக்கு. தனியாக் குடிச்சா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏறவே இல்ல. தொட்டுக்கிட உப்பு, உறைப்பா ஏதாவது குடுத்தா ஒப்பேத்தலாம்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"'நல்லாத்தான் இருக்கு' வரைக்கும் எழுதிக்கிட்டாக. மத்ததெல்லாம் வேலை எல்லைக்குள்ள வரலையாம்."

கூலியாக அவருக்கு ஒரு முழு பாட்டில் சொத்தெர்ன் கிடைத்தது. லேபிள் ஒரு நூல் சாய்வாக ஒட்டியிருந்ததால் மன்றம் ரிஜெக்ட் செய்த பாட்டில். "ஏறாத சரக்க வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனா ஏச்சு மட்டும் மிச்சம்" என்று அதை அவர் வேன் சீட்டுக்கு அடியிலேயே போட்டுவிட்டார்.

பரீட்சை நாளும் வந்தது. நஞ்சப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். லைட் பாக்ஸில் மூன்று மதுவுக்கும் மூன்று பலகாரத்தையும் சரியாக ஜோடி சேர்த்தார். நிறத்தில் அவர் தவற மாட்டார். கடைசிக் கேள்வியைத் தலைவர் கேட்டார்.

"ஸ்டைல் ஒண்ணோட சுவைய விவரி நஞ்சப்பா."

மன்றம் அச்சடித்துக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இருந்தது. தேன், உலர்ந்த ஆப்ரிகாட், ஈரமான மரப்பலகை. முந்தின வாரமெல்லாம் நான் அவரைக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கேட்டுக்கேட்டு மனப்பாடம் பண்ண வைத்திருந்தேன்.

"தெரியலீங்கண்ணா. நான் குடிச்சதில்லீங்க."

"நாங்க மட்டும் குடிச்சமா? நாங்க சொல்லலியா?"

"நீங்க சொல்றீங்க. எனக்கு வாய் வரலீங்களே."

தோல்வி. காரணம் என்ற கட்டத்தில், 'விண்ணப்பதாரர் அனுபவத்தை எதிர்பார்க்கிறார்' என்று எழுதினார்கள்.

திரும்பும் வழியில் நொய்யல் பாலத்தில் வேன் நின்றது. அன்று ஆற்றில் ஓடிய சாயத்தண்ணீர் பன்யூல் நிறம். நஞ்சப்பன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏனுங்க சொல்லல?" என்றேன்.

"அந்தம்மா நம்ம கையத் தேடிட்டு வருது பூவா. அவிய ஊர்ச் சரக்கப் பத்தி முதல் பேச்சே பொய்யாப் போகோணுமா?" என்றார். பிறகு, "இதுக்கு ஜாமூன்தான?" என்று ஆற்றைக் காட்டிக் கேட்டார்.

ஜனவரியில் ஒதில் வந்தாள். வெட்டிய நரைமுடி, பருத்திச் சேலையைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கிற கை. தலைவர் வீட்டில் விருந்து, பிறகுதான் கம்பெனிகள் என்று நிகழ்ச்சி நிரல். எங்களைப் பார்வையாளர்களாக அனுமதித்திருந்தார்கள். பார்வையாளர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று அழைப்பிலேயே போட்டிருந்ததால், நான் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, உப்புக்கண்டம் வறுத்து, நாலடுக்கு டிபன் கேரியரில் வேனில் வைத்திருந்தேன். வெயிலில் காய்ந்த ஆட்டுக்கறியை வரமிளகாய் கிள்ளிப்போட்டு வறுத்தது. உப்பும் உறைப்பும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

வாசலிலேயே ராசப்பன் என் கணவரின் தோளில் கை போட்டார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத நஞ்சப்பா. ஆர்டர் எனக்கு வந்தாலும் தைக்கற வேலை உனக்குத்தான்."

"சரிங்கண்ணா" என்றார் நஞ்சப்பன். அவர் காது மடல் சிவந்திருந்தது.

கூடத்தில் பெரிய மேஜை. வாழையிலை. இலைக்கு வலது பக்கம் சொத்தெர்ன், இடது பக்கம் லைட் பாக்ஸ். அடுக்கிவைத்த ஜாங்கிரிகளின் உச்சியில் தலைவர் கையெழுத்திட்ட சீட்டு. ராசப்பன் தமிழில் வரவேற்க, சென்னிமலை ஏதோ ஒரு மொழியில் அதை மொழிபெயர்த்தார். ஒதில் சிரித்தபடி இலையைப் பார்த்தாள். காலையிலிருந்து விமானம், கார் என்று வந்தவள். பசி கண்ணில் தெரிந்தது.

"சாப்பிடலாமுங்களா?" என்று ராசப்பன் ஜாங்கிரியை எடுத்தார்.

"ஒரு நிமிசமுங்க" என்றார் சென்னிமலை.

குழந்தைத் துணி வாங்குகிற பையர் என்றால் ஊசிச் சோதனை கட்டாயம். முறிந்த ஊசி எதுவும் துணியில் தங்கிவிடக் கூடாது. பையரின் முன்னாலேயே சாப்பாட்டுக்கும் அதைச் செய்து காட்டினால் நல்ல பேர் வரும் என்பது அவருடைய யோசனை. கையடக்கமான ஊசி டிடெக்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சாதத்தின் மேல் காட்டினார். சத்தமில்லை. பருப்பு, சத்தமில்லை. ஜாங்கிரி. 'கீ...' என்று கத்தியது.

எல்லோரும் சீட்டைப் பார்த்தோம். சீட்டு அடித்த ஸ்டேப்ளர் பின். சென்னிமலை அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஒரு கால் இருக்குது. இன்னொரு காலக் காணோம்."

"அட, எங்கியாவது விழுந்திருக்கும், எடுத்துப் போடு அக்கட்டால" என்றார் ராசப்பன்.

"அதெப்படிங்க? ஊசி முறிஞ்சா எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் மிசினை ஓட்டக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட விதிங்க. மொத்தச் சாப்பாடும் ஹோல்டு."

ஜாங்கிரிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார்கள். சாம்பாரைச் சல்லடையில் வடித்தார்கள். சாதத்தை மேஜைத் துணியில் பரப்பி நால்வர் சுற்றி நின்று பொறுக்கினார்கள். கிடைக்கவில்லை. சென்னிமலை நிமிர்ந்து சமையல்காரரைக் கேட்டார்.

"இந்த அடுக்குல இருந்து யாராச்சும் எடுத்துத் தின்னீங்களா?"

சமையல்காரர் தலைவரைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு. பதம் பாக்கறதுக்கு" என்றார் ராசப்பன்.

சென்னிமலை டிடெக்டரைத் தலைவரின் வயிற்றில் காட்டினார். 'கீ...' இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுக்கச் சொன்னார். மறுபடியும் காட்டினார். 'கீ...'

"யோவ், நான் தலைவர்யா!"

"தெரியுமுங்க. ஆனா உள்ள போனதும் ஒரே லாட்டுச் சரக்குங்க." அவர் மிகுந்த மரியாதையோடு, குனிந்து, தலைவரின் சட்டையில் சிவப்பு ஹோல்டு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். "மறுசோதனை முடியற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகரக் கூடாதுங்க."

ஒதிலுக்கு இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவள் மெல்ல எழுந்து, காற்று வாங்குவதுபோல் வெளியே வந்துவிட்டாள். நாங்கள் வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தோம். வறுவல் வாசம் அவளை நேராகக் கூட்டிக்கொண்டு வந்தது. என் பள்ளிக்கூட இங்கிலீஷில் நான் யார், இவர் யார் என்று சொன்னேன். அவள் நஞ்சப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு டிபன் கேரியரைப் பார்த்தாள்.

"பூவா, யோசிச்சுப் பண்ணு. மன்றத்துல கேப்பாங்க" என்றார் நஞ்சப்பன் தணிந்த குரலில்.

"கேக்கட்டும். நான் விருந்து போடலீங்க. இது டிபனு. விதியில டிபனப் பத்தி ஒண்ணுமே இல்ல."

சாதத்தில் ஒரு கை எடுத்து உருட்டி அவள் கையில் வைத்தேன். வேன் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு துண்டு உப்புக்கண்டம். கண்ணில் நீர் வந்தது. இன்னொரு துண்டு கேட்டாள். ராஜபாண்டி தண்ணீர் எடுக்க சீட்டுக்கடியில் கையை விட, ரிஜெக்ட் பாட்டில் உருண்டு அவள் காலடிக்கு வந்து நின்றது. லேபிளைப் படித்தாள். சந்தனப் பொட்டைப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பு.

"மேடம், நோ ஏறல் மேடம்" என்று எச்சரித்தார் ராஜபாண்டி.

டிபன் கேரியர் மூடியில் ஊற்றி, ஒரு வாய் உறைப்பு, ஒரு வாய் மது என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாள். சாப்பாட்டைவிட மது இனிப்பாக இருக்க வேண்டும், உள்ளே வைத்திருந்த அந்தப் பலகாரத்தோடு குடித்திருந்தால் இது செத்துப்போயிருக்கும் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

"அதத்தான அக்கா நான் மோர்னு சொன்னேன்" என்றார் ராஜபாண்டி.

மூன்று அடுக்கு காலியான நேரத்தில் சென்னிமலை அட்டையோடு ஓடிவந்தார். பின்னின் இன்னொரு கால் அவருடைய அட்டைக் கிளிப்பிலேயே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டிடெக்டரோ நடுவில் பேட்டரி தீர்ந்துபோய், ஜாங்கிரிக்குப் பிறகு எதைக் கண்டாலும் கத்தியிருக்கிறது. ஹோல்டு நீங்கியது, விருந்துக்கு வரலாம் என்று சொல்ல வந்தவர், ஒதிலின் கையையும் வாயையும் பார்த்தார். ஸ்டிக்கரோடு பின்னாலேயே வந்த ராசப்பனும் பார்த்தார்.

"நாங்க வேணும்னு பண்ணலீங்கண்ணா" என்று ஆரம்பித்தார் நஞ்சப்பன்.

சென்னிமலை விதிகளைப் புரட்டினார். "ஏழாவது விதிப்படி உபசரிப்பாளர் நஞ்சப்பனுங்க."

"அது டிபன்யா! அவன் பரீட்சையில ஃபெயில்யா!"

"தேறோணும்னு ரெண்டாவது விதி சொல்லுதுங்க. முதல் கவளம் யாருதோ அவர்தான்னு ஏழாவது சொல்லுதுங்க. முரண்பட்டா ஏழாவதுதான் செல்லும்னு அடியில நீங்களே எழுதியிருக்கீங்க. கவளத்த எங்க வெச்சு உருட்டினதுன்னு எதுலயும் இல்லீங்க."

சென்னிமலையை நாங்கள் எத்தனை முறை கேலி செய்திருப்போம். அன்று அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஆர்டர் வந்தது. தவளைப் பாக்கெட் போட்ட சட்டைகள். முதல் தடவையாகக் கழுத்துப் பட்டையில் எங்கள் கம்பெனிப் பேர். முதல் சட்டையை நஞ்சப்பன் பெட்டியில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் பேரைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே காபி குடித்தார்.

மன்றமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. வெற்றிபெற்ற முறையை ஆராய்ந்து தரப்படுத்தியிருந்தார்கள். இனி பையர்களை வேனின் பின்கதவில்தான் உபசரிக்க வேண்டும். வேன் வெள்ளை ஆம்னியாக இருக்க வேண்டும். டிபன் கேரியர் நாலடுக்கு. உப்புக்கண்டத்துக்கு ஏ, பி, சி சாம்பிள். பாட்டிலின் லேபிள் ஒரு நூல் சாய்ந்திருக்க வேண்டும். நேராக ஒட்டியவை ரிஜெக்ட். விருந்துக்கு முன் தலைவருக்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா என்பது பரிசீலனையில் இருந்தது. பழைய உறுப்பினர்கள் எல்லோரும் புதிய பரீட்சை எழுத வேண்டும். நஞ்சப்பனும் எழுதினார்.

"பாட்டல் எந்தப் பக்கமா உருளோணும்?" என்று கேட்டார் ராசப்பன்.

"அது தானா உருண்டதுங்கண்ணா."

தோல்வி.

மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியான நேரம், தையல் மிசின்களுக்கு நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் நஞ்சப்பன். எழுந்திருக்கவில்லை. ராஜபாண்டி அதே வேனில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மன்றத்திலிருந்து துக்கம் கேட்க வந்தார்கள். ராசப்பன் மெய்யாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்தார். மதுப் பொருத்தத் தேர்ச்சிச் சான்றிதழ். கீழே சின்ன எழுத்தில், மறைவுக்குப் பின்.

"நஞ்சப்பன் இருந்த வரைக்கும் பாஸ் ஆகல. அது எங்களுக்கெல்லாம் வருத்தந்தான். ஆனா இனிமே எந்தக் கேள்விக்கும் அவர் தப்பாப் பதில் சொல்ல மாட்டாருன்னு கமிட்டி முழு நம்பிக்கையோட இதக் கொடுக்குதுங்க" என்றார். சென்னிமலை அதை வாங்கி, நாலு மூலையும் சரியா என்று பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்கள்.

அந்த ஜனவரியில் ஒதில் வந்தாள். நேராக வேனுக்குப் போய்ப் பின்கதவைத் தானே தூக்கினாள். டிபன் கேரியரின் சூடு சீட்டுத் துணியில் படுகிறது என்று அடியில் வைக்க ஏதாவது தேடினேன். சான்றிதழ்தான் கிடைத்தது. அளவு கச்சிதம்.

அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து இரண்டு டிபன் மூடியில் ஊற்றினாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்றை நஞ்சப்பன் உட்காரும் பக்கத்தில் வைத்தாள். அவர் குடிக்க மாட்டார் என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். சாதம் தீர்ந்தது, உப்புக்கண்டம் தீர்ந்தது, அந்த மூடி மட்டும் அப்படியே இருந்தது. எதையும் வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. நான் மூடியை எடுத்தபோது ராஜபாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தேன் இருந்தது. ஆப்ரிகாட் நான் தின்றதில்லை, அதனால் சொல்ல மாட்டேன். ஈரமான மரப்பலகை இருந்தது.